வீட்டுப் பட்டறை: புட்டு மாவும் வார்ப்பு மணலும்

நெருப்பைக் கண்டால் பெரியவர்களுக்குப் பயம், பிள்ளைகளுக்கு ஆசை. முன்காலத்தில் இந்த ஆசை தீபாவளி மத்தாப்போடும் கார்த்திகைச் சொக்கப்பனையோடும் அடங்கிவிடும். இப்போது அப்படி அடங்குவதில்லை. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் சிறு உலை மூட்டி, காலியான குளிர்பான டப்பாக்களை உருக்கி, வெள்ளிப் பாகு போல ஊற்றிக் காட்டுகிறார். அந்தப் படம் நம் வீட்டுக் கைப்பேசியில் ஓடுகிறது. அதைப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளை, அன்று மாலையே ஒரு பழைய வாளியும் கரி மூட்டையும் கூந்தல் உலர்த்தும் காற்றுக் கருவியுமாகக் கொல்லைப்புறத்தில் வந்து நின்று, "அப்பா, செய்யட்டுமா?" என்று கேட்கிறான். கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. கேளாமலே செய்கிற பிள்ளைகளும் உண்டு.

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. "அதெல்லாம் வேண்டாம், போய்ப் புத்தகத்தை எடு" என்பது ஒன்று. "என்னவோ செய்து தொலை" என்பது மற்றொன்று. முதல் விடை பிள்ளையின் கையைக் கட்டிப் போடுகிறது. இரண்டாவது அந்தக் கையைச் சுட்டுவிடுகிறது. மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது: "தாராளமாகச் செய். ஆனால் முதல் மாதம் முழுவதும் நெருப்பு கிடையாது, மணல் மாத்திரந்தான்." இவ்வாறு சொல்லுவதற்குத் தக்க காரணம் உண்டு. அதை விளக்குவதே இந்த வாரத்து விஷயம்.

வார்ப்பு வேலையைப் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு உலைதான் பிரதானமாகத் தோன்றும். உண்மையில் உலையின் வேலை மிகவும் எளியது. வாளியின் உட்புறத்தில் சூடு தாங்கும் களிமண்ணைக் கனமாகப் பூசிப் பல நாள் மெதுவாக உலர்த்தி, நடுவில் மூசையை வைத்து, சுற்றிலும் கரியிட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் போதும். அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். ஊற்றப்பட்ட உலோகம் கைப்பிடியாக வருமா, ஓட்டை நிறைந்த கட்டியாக வருமா, அல்லது ஊற்றியவன் முகத்தின்மேலேயே திரும்பத் தெறிக்குமா என்பதெல்லாம் தீர்மானமாவது குளிர்ந்து கிடக்கும் மணலில்தான்.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. 1926-ம் வருஷம் மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுத்த நடன மங்கையின் வெண்கல உருவம், சுமார் பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ளது; அது மெழுகில் உருச் செய்து வார்த்தது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அம்முறையில்தான் தெய்வத் திருமேனிகளை வார்க்கிறார்கள். மெழுகுருவின்மீது காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சுட்டு, மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்தாக வேண்டும். ஆகையால் ஓர் அச்சுக்கு ஒரே உருவந்தான். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்கள் வழி வேறு. அவர்கள் மாதிரி உருவை வண்டல் மணலில் பதித்து எடுத்துவிட்டு, பதிந்த குழியிலே பித்தளையை ஊற்றுகிறார்கள். மாதிரி கையிலேயே நிற்கும். எத்தனை விளக்கு வேண்டுமானாலும் வார்க்கலாம். கோயம்புத்தூர் வார்ப்புச்சாலைகளில் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் வேண்டிய பாகங்கள் உருவாவதும் மணலிலேதான். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-ம் வருஷம் இரும்புப் பானைகளை மணலில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய ஆலையானாலும் சரி, வீட்டுக் கொல்லையானாலும் சரி, தத்துவம் ஒன்றே.

இந்த மணலைப் பட்டறைக்காரர்கள் 'கிரீன் சாண்ட்' என்கிறார்கள். அது பச்சை நிறமாக இருக்கும் என்று தேடிப்போனால் ஏமாந்து போவோம். சுடாத பானையை நாம் பச்சைப் பானை என்கிறோம்; காய்ச்சாத பாலைப் பச்சைப் பால் என்கிறோம். அதே பொருளில்தான் இந்தச் சொல்லும் வந்திருக்கிறது. சுடாத, உலர்த்தாத, ஈரம் மாறாத மணல் என்பதே அர்த்தம். ஆகவே பச்சை மணல் என்று நாம் சொன்னால் மொழிபெயர்ப்பாகத் தோன்றாது. நம் பேச்சாகவே இருக்கும்.

அதில் சேரும் பொருள்கள் மூன்றே: சலித்த பொடி மணல், பெண்டோனைட் என்னும் களிமண், தண்ணீர். பெண்டோனைட் நம் நாட்டில் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் வெட்டி எடுக்கப்படுகிறது. வீட்டு மின்சாரத்துக்கு 'எர்த்' குழி போடுகிறவர்கள் வாங்கும் தூள் இதுதான். ஆகவே கிடைப்பது கஷ்டமன்று. 10 கிலோ மணலுக்கு 1 கிலோ பெண்டோனைட் சேர்த்து உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலக்க வேண்டும். அப்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் அவசியம்; நுண்ணிய மணல் தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். 400 மில்லி லிட்டருக்கு மேல் போக வேண்டாம். கலந்ததை ஈரம் போகாமல் மூடி, ஓர் இரவு வைத்திருந்தால், களிமண் தண்ணீரைச் சமமாகக் குடித்துக்கொள்ளும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விஞ்ஞானக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாய்மாரை அழைத்தால் போதும். புட்டுக்கு மாவு பிசறும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு பிடி அள்ளி அழுத்துகிறார்கள். பிடித்தால் பிடிபட வேண்டும். உதிர்த்தால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம்; பிடியே நில்லாவிட்டால் தண்ணீர் குறைவு. வார்ப்பு மணலுக்கும் இதுவே பரீட்சை. பிடித்த மணலில் விரல் ரேகை பதிய வேண்டும்; நடுவில் ஒடித்தால் ஓரம் உதிராமல் பளிச்சென்று ஒடிய வேண்டும்; உள்ளங்கை சுத்தமாக இருக்க வேண்டும். களிமண் சேர்ந்திருப்பதால் மாவைவிட இது சற்று உறுதியாக நிற்கும். மற்றப்படி வித்தியாசமில்லை. உலோக சாஸ்திரம் படித்த பிள்ளையைவிட, இருபது வருஷம் புட்டு அவித்த பாட்டி இந்த விஷயத்தில் நல்ல நிபுணர் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த ஈரத்தைக் குறித்து ஏன் இவ்வளவு பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். உயிருக்கு அபாயம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் சிக்கிக்கொண்டால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, தன் தலைமேல் உள்ள உலோகம் முழுவதையும் நாலு பக்கமும் வீசி எறியும். ஈரமான ஒரு துண்டு அலுமினியத்தை உருகிய மூசையில் போட்டாலும் இதேதான். சிமெண்டுத் தரையில் உலோகம் கொட்டினாலும் ஏறக்குறைய இதே கதி. சிமெண்டுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகித் தரையையே பிளந்து தெறிக்கும்.

அப்படியானால் ஈர மணலில் ஊற்றும் உலோகம் ஏன் வெடிப்பதில்லை? இதுதான் இந்த வித்தையின் உயிர்நிலை. மணலில் உள்ள தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி நிற்கவில்லை. ஒவ்வொரு மணியின்மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. மணிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத சந்துகள் ஆயிரம் உண்டு. ஆவி அவற்றின் வழியே சாந்தமாக வெளியேறிவிடுகிறது. தண்ணீரை ஒரு பங்கு அதிகமாக விட்டாலோ, மணலைக் கல்லாக இடித்துவிட்டாலோ சந்துகள் அடைபடும். அப்போது ஆவி உலோகத்துக்குள்ளேயே புகுந்து குமிழிகளை உண்டாக்கும். இன்னும் மிஞ்சினால் ஊற்றிய வாய் வழியே பொங்கித் தெறிக்கும். ஆகவே கை சுடாமலிருப்பதற்கும் பொருள் நன்றாக அமைவதற்கும் இரண்டு தனி வித்தைகள் வேண்டியதில்லை. மணலைச் சரியாகப் பக்குவம் செய்யத் தெரிந்தவனுக்கு இரண்டிலும் பெரும்பகுதி கைவந்துவிடும். இதனாலேதான் முதல் மாதம் நெருப்பு வேண்டாம் என்று சொன்னோம்.

இது நிற்க. அந்த ஒரு மாதத்தில் பிள்ளை செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

முதலில் மாதிரி உரு. அலமாரிக்கு ஒரு சிறு கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, வார்னிஷ் பூச வேண்டும். பக்கங்கள் நேர்செங்குத்தாக இருக்கக் கூடாது. இட்லித் தட்டின் குழி ஏன் சரிவாக இருக்கிறது? இட்லி விண்டு போகாமல் எடுக்க வருவதற்காகத்தான். மாதிரி உருவுக்கும் அதே போன்ற சிறு சரிவு வேண்டும். இல்லாவிடில் வெளியே எடுக்கும்போது மணலையும் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியம் குளிரும்போது சுருங்கும் என்பதையும் மறக்கலாகாது. 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் குறையும். அளவு முக்கியமான பொருளானால் மாதிரியை அவ்வளவு பெரிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

பிறகு பெட்டி. அடியும் மூடியும் இல்லாத இரண்டு மரச் சட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். கீழ்ச் சட்டத்தை ஒரு பலகைமேல் கவிழ்த்து வைத்து, உள்ளே மாதிரியின் தட்டையான முகம் பலகையில் படும்படி வைக்க வேண்டும். முதலில் சல்லடையால் மணலைச் சலித்து மூட வேண்டும். பிறகு வாரிப் போட்டுச் சிறு கட்டையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இடித்து வரவேண்டும். மேல்மட்டத்தை ஒரு நேர்ப்பலகையால் வழித்துவிட்டு, அப்படியே புரட்டிப் போட்டால் மாதிரியின் முகம் மேலே தெரியும். அதன்மேல் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவினால், மேல் மணலும் கீழ் மணலும் ஒன்றோடொன்று ஒட்டாது.

இப்போது மேல் சட்டத்தை வைத்து, இரண்டு உருட்டுக் கட்டைகளை நிறுத்தி, சுற்றிலும் மணலை இடிக்க வேண்டும். ஒரு கட்டை நின்ற இடம் உலோகம் இறங்கும் வாய். மற்றது ஊட்டுகுழி, பட்டறையில் 'ரைசர்' என்பார்கள். இறுகும்போது அலுமினியத்தின் பருமன் நூற்றில் ஆறு பங்குக்குக் குறையாமல் சுருங்குமாதலால், அந்தக் குறையை நிரப்ப இக்குழியில் உள்ள உலோகம் கடைசிவரை உருகி நின்று கொடுத்துக்கொண்டிருக்கும். கட்டைகளை உருவிவிட்டு, சைக்கிள் சக்கரக் கம்பியால் மேல் மணலில் அங்கங்கே குத்தி ஆவிக்கு வழி செய்ய வேண்டும். பிறகு மேல் சட்டத்தை நேராகத் தூக்கி வைத்து, மாதிரியைச் சற்றே தட்டி அசைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எடுக்க வேண்டும். வாயிலிருந்து குழிக்குச் சிறு வாய்க்கால் கீறி, உதிர்ந்த மணலை ஊதிவிட்டு மூடினால் அச்சு தயார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. முதல் நாள் அச்சு இடிந்து விழும். இரண்டாம் நாள் மூலை பிய்யும். மூன்றாம் நாள் சட்டம் பிசகும். பத்தாவது அச்சில்தான் கைக்குப் பக்குவம் தெரியும். அச்சு நன்றாக அமைந்ததா என்று பார்க்க, பிளாஸ்டர் ஆப் பாரிஸைக் கரைத்து ஊற்றிப் பார்க்கலாம்; நெருப்பில்லாமலே வார்ப்பு கிடைக்கும். பிளாஸ்டர் கலந்த மணலை மாத்திரம் பிறகு ஒதுக்கிவிட வேண்டும். இப்படிப் பத்து அச்சுச் செய்யப் பொறுமையில்லாத பிள்ளைக்கு உலையை மூட்டிக் கொடுக்கும் கடமை பெற்றோருக்கு இல்லை. பத்து அச்சும் செய்து முடித்த பிள்ளைக்கு மறுக்கும் உரிமையும் இல்லை.

நெருப்பு நாள் வந்த பிறகு சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. திறந்த வெளியில், காய்ந்த மண் தரையில்தான் உலை இருக்க வேண்டும். மொட்டை மாடி கூடாது, கூரைக்கொட்டகை கூடாது, மூடிய அறை கூடவே கூடாது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். வானத்தில் மேகம் கண்டாலே நிறுத்திவிடலாம். உடுத்துவது பருத்தி ஆடை. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோல் செருப்பன்று, கால் முழுவதையும் மூடும் தோல் பூட்ஸ் வேண்டும். முகத்துக்கு மூடியும் கைக்குக் கனத்த தோலுறையும் அவசியம். உலோகத்தைத் தொடும் கரண்டி, இடுக்கி எல்லாவற்றையும் முன்கூட்டியே உலைமேல் காட்டிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மேல் சட்டத்தின்மீது செங்கல்லைப் பாரமாக வைக்க வேண்டும்; இல்லையேல் உள்ளே இறங்கும் உலோகம் அதை மிதக்க வைத்துவிடும். அருகில் இருக்க வேண்டியது காய்ந்த மணல் வாளி. தண்ணீர் வாளி அன்று. காலி மூசையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஒருமுறை ஒத்திகை பார்த்த பின்பே உலையை மூட்ட வேண்டும். ஊற்றுகிறவர் வயது வந்தவராகத்தான் இருக்க வேண்டும். பிள்ளை அச்சுக்காரன், அது ஒன்றும் தாழ்ந்த பதவியல்ல.

இன்னொரு ஜாக்கிரதை. உருகிய அலுமினியம் பகல் வெளிச்சத்தில் சிவந்து காட்டாது. பால் போல வெள்ளையாகவே இருக்கும். இறுகிய பிறகு, தொட்டால் தோல் உரியும் சூட்டிலும், குளிர்ந்த துண்டு போலச் சாதுவாகக் கிடக்கும். ஆகவே கண்ணை நம்பலாகாது; கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

எதை உருக்குவது? படத்தில் காட்டும் குளிர்பான டப்பா உபயோகமற்றது. ஒரு டப்பாவின் எடை சுமார் 14 கிராம். மெல்லிய தகடாதலால் பாதி வழியிலேயே காற்றோடு சேர்ந்து கசடாகிவிடும். பழைய என்ஜின் பிஸ்டன் நல்ல சரக்கு; அது வார்ப்பதற்கென்றே சிலிக்கன் கலந்து செய்த அலுமினியம். எண்ணெய் போகக் கழுவி, முற்றிலும் காய வைத்துப் போட வேண்டும். இன்ன உலோகம் என்று தெரியாத துண்டைத் தொடவே கூடாது. மக்னீசியமாக இருந்தால் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். துத்தநாகம் பூசிய குழாயின் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கும். பாட்டரி ஈயம் விஷம். பித்தளையிலும் துத்தநாகம் இருப்பதால், அதைப் பழகிய கைகளுக்கு விட்டுவிடுவதே நலம்.

எதை வார்ப்பது? கைப்பிடி, பெயர்ப்பலகை, காகிதக் கனம், கடையில் இனிக் கிடைக்காத பழைய தையல் இயந்திரத்தின் சிறு மூடி ஆகியவை போதும். ஊஞ்சல் கொக்கியும் ஏணிப்படியும் வேண்டாம். உள்ளே ஒளிந்துள்ள குமிழி மனிதன் பாரத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். சமையல் பாத்திரமும் வேண்டாம். பழைய உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அது நம் சாம்பாரில் இறங்கலாகாது.

அப்படியும் சுட்டுவிட்டால், மையும் பற்பசையும் மாவும் தடவுகிற வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் தளர மூடி வைத்தியரிடம் போக வேண்டும். உலோகத்துக்குத் தண்ணீர் சத்துரு. சுட்ட தோலுக்கு அதுவே மித்திரன்.

1937-ம் வருஷம் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழில் வழியாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்று காந்திஜி வற்புறுத்தினார். கல்விக்கு இடையே கொஞ்சம் தொழில் என்று அவர் சொல்லவில்லை. தொழிலே கல்விக்கு வாசல் என்றார். பத்து வருஷத்தில் சுதந்திரம் வந்தது. ஆயினும் படித்த குடும்பங்களில் கையழுக்குக்கு இன்னும் மரியாதை வந்தபாடில்லை. நாச்சியார்கோவில் விளக்கைப் பூஜையறையில் வைத்து நமஸ்கரிக்கிறோம். அதை வார்த்தவர் மணலில் எத்தனை வருஷம் பழகினார் என்று கேட்டதில்லை. மூலை பிய்ந்த மூன்று அச்சுக்களைக் கண்ட பிள்ளை அதைக் கேட்பான். ஆவியின் பெருக்கமும் உலோகத்தின் சுருக்கமும் அவனுக்கு இனிப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட வரிகளாக இரா.

கடைசியாக ஒன்று. முதல் வார்ப்பு பெரும்பாலும் கோணலாகத்தான் வரும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. கோணல் கைப்பிடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே குமிழி எங்கே என்று தெரியும். மணலில் தண்ணீர் மிஞ்சியதா, இடி மிஞ்சியதா என்று அதுவே சொல்லிவிடும். பிறகு உலோகம் மூசைக்குத் திரும்பும்; மணல் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்ததும் பழையபடி பச்சை மணலாகிவிடும். மறுநாள் காலை அதை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.